நூல் பிடித்து வைத்த நட்சத்திரங்கள்

கூரைக்கு அடியில் அவனைப் போல் தைரியசாலி கிடையாது. சாரத்தின் உச்சியில் ஒற்றைப் பலகைமேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒரு கையால் ஜிப்சம் போர்டைத் தாங்கி, மறு கையில் டிரில்லைப் பிடித்து, வாயில் நாலைந்து ஸ்க்ரூவைக் கவ்வியபடியே பாட்டு முணுமுணுப்பான். பார்த்துக்கொண்டு நிற்பவர்கள்தான் தள்ளிப் போய் நின்றுகொள்வார்கள். அதே ஆள் வேலை முடிந்து தெருவுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தால், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சுவரோரமாகவே நடப்பான். ஒரு கடையின் முகப்பு முடிகிற இடத்தில் தயங்கி நின்று, மூச்சைப் பிடித்து, அடுத்த கடையின் முகப்புக்குப் பாய்வான். மழை இல்லாத மாலைகளிலும் கையில் குடை இருக்கும். நிலா வெளிச்சத்துக்குக் குடை பிடித்த மனிதன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

கட்டடங்களுக்குள் அலங்காரக் கூரை தொங்கவிடுவது அவன் தொழில். அதனால் எல்லோருக்கும் அவன் சீலிங்காரர். அவனுக்கு வானத்தைக் கண்டால் பயம். பகல் வானம் பரவாயில்லை, அதற்கு ஒரு மூடி போட்டாற்போல இருக்கும். ராத்திரி வானம்தான் ஆகாது.

சிறு வயதில், புழுக்கம் தாங்காமல் வீட்டார் எல்லோரும் மொட்டைமாடியில் படுத்த ஒரு ராத்திரி அவன் மட்டும் கண் விழித்தான். எது மேல், எது கீழ் என்று புரியவில்லை. தான் கீழே படுத்து மேலே பார்ப்பதாகவே தோன்றவில்லை. அடியே இல்லாத ஒரு கிணற்றின் வாயில் முதுகு மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்குவதாகவும், உள்ளே மினுங்குவதெல்லாம் தனக்கு முன்னால் விழுந்தவர்களின் கண்கள் என்றும் தோன்றியது. பாயை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். விடிந்த பிறகும் விரல்களைப் பிரிக்க முடியாமல், பாயோடு சுருட்டித்தான் கீழே இறக்கினார்கள். பாயோடுதான் குளித்தான், பாயோடுதான் பள்ளிக்கூடம் போனான் என்பாள் அவன் அக்காள். அவள் எதையும் கொஞ்சம் தாராளமாகவே சொல்வாள். ஆனால் அந்தப் பாயில் பத்து விரலுக்கும் பத்து ஓட்டை இருந்தது உண்மை.

இப்படிப்பட்டவன் வேறு என்ன தொழிலுக்குப் போவான்? முதன்முதலாக ஒரு பெரிய கூடத்தில், தலைக்கு மேல் போர்டுகள் ஒவ்வொன்றாக வந்து மூடுவதைப் பார்த்தபோது, ‘அப்பாடா’ என்று வாய்விட்டுச் சொன்னான். மேஸ்திரி அதை வேலைமேல் இருக்கிற ஆசை என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்.

அவன் தேவனும் அறைக்குள் இருக்கிறவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிடாதவன் அவன். மனப்பாடமாகச் சொல்லும் விசுவாச அறிக்கையில் வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவர் என்ற இடம் வரும்போது மட்டும் குரலைச் சற்றுத் தாழ்த்திவிடுவான். அவன் மனசுக்குள் அவர் குடியிருந்த இடம் வேறு. கான்கிரீட்டுக்கும் தொங்கு கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்குமே, ஒயர் எல்லாம் ஓடுகிற இடம், அங்கேதான். இருட்டும் அமைதியுமாக, கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஒவ்வொரு வேலையிலும் கடைசி போர்டை அடைப்பதற்கு முன்னால் அந்தச் சந்துக்குள் தலையை விட்டு, அந்த வீட்டாருக்காக ஒரு ஜெபம் செய்வான். ஒயர் சரிபார்க்கிறான் என்று நினைத்து வீட்டுக்காரர்கள் பூரித்துப்போவார்கள்.

மனைவி அவனுக்கு நேர் எதிர். பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள். எரிமலையையும் புயலையும் உள்ளங்கையில் வைத்து உருட்டுவாள். அவளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது தடவை டாக்டர் கருப்பையின் வாயில் ஒரு தையல் போட்டு, பிரசவம்வரை படுக்கையை விட்டு அசையக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டார். கல்யாணப் பரிசாக அவன் செய்து கொடுத்த படுக்கையறைக் கூரையைப் பார்த்தபடியே அவள் மாதக்கணக்கில் கிடந்தாள்.

“உங்க சீலிங்கப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணே சதுரமாயிடுச்சுங்க. ஒரே ஒரு நாள் மாடிக்குத் தூக்கிட்டுப் போங்களேன். நாலு நட்சத்திரத்தப் பாத்துட்டு வந்துடறேன்.”

“டாக்டர் அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“நான் எங்க அசையப் போறேன்? நீங்கதானே தூக்கப் போறீங்க?”

“பனி ஒத்துக்காது” என்று அவன் பேச்சை மாற்றிவிடுவான். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தக் குடைக்கு அவன் சொல்லி வந்த காரணமும் பனிதான். பாவம், அவளும் அதை நம்பி அவனுக்கு ஆவி பிடிக்க வைத்திருக்கிறாள்.

விளக்கை அணைத்த பிறகு அவள் பக்கத்தில் படுத்து, தான் செய்த கூரைக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியைப் பார்த்துத் தினமும் ஒன்றே ஒன்றைக் கேட்பான். “இந்தத் தடவையாவது தங்கட்டும் ஆண்டவரே.”

இந்தச் சமயத்தில்தான் ஆலயத்தின் பழைய கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. நல்லவேளையாகக் காலி பெஞ்சின்மேல். புதிதாக வந்திருந்த போதகர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“நம்ம ஜனங்க எல்லாத்துக்கும் தலையக் குனிஞ்சே பழகிட்டாங்க தம்பி. கொஞ்சம் நிமிரட்டுமே. மேல ஒரு ராத்திரி வானத்தையே வெச்சுக் குடுங்க. கருநீலப் பெயின்ட், சின்னச் சின்ன விளக்கு. நிமிந்து பாக்கறவன், இத்தனையும் செஞ்சவர் எவ்வளவு பெரியவருன்னு வாயடைச்சு நிக்கணும்.”

அவனுக்கு இப்போதே வாயடைத்துவிட்டது. ஆனால் மறுக்க வழியில்லை. பாடகர் குழுவுக்குத் தலைவி அவன் மாமியார். ‘எங்க மாப்பிள்ள செஞ்சு தருவாரு’ என்று அந்த அம்மாள் ஏற்கெனவே நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்தாயிற்று.

பகல் வேலைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு தொடங்கினான். மேல்தளத்திலிருந்து கம்பி ராடு இறக்கி, அதில் தகரச் சேனல் பூட்டி, போர்டு ஏற்றி, இடுக்குகளைப் பட்டி பூசி அடைத்து, நீலமும் அடித்தாயிற்று. இனி நட்சத்திரம். எங்கே துளை போடுவது? தனக்குத் தெரிந்ததைச் செய்தான். சுவருக்குச் சுவர் நூல் பிடித்தான். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தான். வரிசைக்கு வரிசை ஒரே அளவு, விளக்குக்கு விளக்கு ஒரே இடைவெளி.

அவனுக்குக் கையாளாக இருந்தவன் மச்சினன், மனைவியின் தம்பி. அவன் அண்ணாந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

“மாமா, நட்சத்திரம் இப்பிடியா இருக்கும்?”

“பின்ன எப்பிடி இருக்கும்? படைச்சவர் என்ன, ஏனோதானோன்னா வெச்சிருப்பாரு?”

மச்சினன் வாயில் ரொட்டி இருந்தது, அதை மெல்லத் தொடங்கினான்.

ஒத்திகைக்காகப் பாடகர் குழு கூடியிருந்த ஒரு மாலையில், போதகர் முன்னிலையில் சுவிட்சைப் போட்டான். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். ஆச்சரியத்தில் உறைந்துவிட்டார்கள் என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது. மாமியார்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“மாப்பிள்ள, ப்ளேன் எந்த வரிசையில எறங்கும்?”

பாடகர் குழு மொத்தமும் பெஞ்சில் சரிந்தது. போதகர் கண்ணை மூடி ஜெபத்தில் இறங்கிவிட்டார், ஆனால் தோள்கள் குலுங்கின. பிறகு அவன் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

“வேலை சுத்தம் தம்பி, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா வானம் இப்பிடி இல்லையே. ஒருநாள் மாடியில நின்னு நல்லாப் பாத்துட்டு வந்து மாத்திக் குடுங்க. பிரதிஷ்டைக்கு இன்னும் நாள் இருக்கு.”

வீட்டுக்கு வந்து, போனில் எடுத்திருந்த படத்தை மனைவியிடம் நீட்டினான். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிரித்தால் தையலுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று சிரிப்பைக்கூட விழுங்க வேண்டிய காலம் அது. விழுங்கி முடித்ததும் அவனை உற்றுப் பார்த்தாள்.

“இது வானமா, பரீட்சை ஹாலா? என்னங்க, நீங்க வானத்தப் பாத்ததே இல்லையா?”

அவன் தரையைப் பார்த்தான். அந்தப் பழைய பாய், அடியில்லாத கிணறு, குடை எல்லாவற்றையும் சொன்னான். ‘இத்தனை வருஷம் சும்மாவா ஆவி பிடிக்க வெச்சேன்’ என்று அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். அதில் அவன் வாயிலிருந்து மீதியும் வந்துவிட்டது.

“விழுந்துடுவேன்ற பயம் மட்டும் இல்ல. இந்தச் சந்துல அவரு இருக்காருன்னு நெனச்சுத்தான் தெனமும் நம்ம புள்ளைக்காகக் கேக்கறேன். வெளிய போய் நின்னு, அது எவ்வளவு பெரிசுன்னு பாத்துட்டேன்னா? அத்தனையையும் கட்டி மேய்க்கறவருக்கு இந்த ரூமுக்குள்ளேர்ந்து நான் கூப்பிடறது கேக்குமா? ஒரு சாண் கூட இல்லாத நம்ம புள்ள அவரு கண்ணுல படுமா?”

அவள் கூரையைக் கையால் காட்டினாள்.

“அப்ப நீங்க இப்ப யார்கிட்ட கேக்கறீங்க?” என்றாள். “எட்டற தூரத்துல இருக்கட்டும்னு நீங்களே ஒருத்தரச் செஞ்சு மாட்டிக்கிட்டீங்களா, இந்த சீலிங் மாதிரி?”

சுருக்கென்றது. அவள் குத்திக்காட்டவில்லை. அவளுக்கும் அது தெரிந்தாக வேண்டியிருந்தது. அதுதான் அவனை இன்னும் கலக்கியது.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் அவன் மாடிக்குக் கிளம்பினான். தலையில் ஹெல்மெட், இடுப்பில் உயரத்தில் வேலை செய்யும்போது கட்டுகிற பெல்ட். பெல்ட்டின் கொக்கியைத் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் குழாயில் மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டான். துணி எடுக்க வந்த கீழ்வீட்டு அம்மாள் திகைத்து நின்றாள்.

“என்னங்க, டேங்க் ரிப்பேரா?”

“ஆமாங்க.”

“ஹெல்மெட் எதுக்கு?”

“மேலேர்ந்து ஏதாச்சும் விழுந்துச்சுன்னா?”

அந்த அம்மாள் மேலே அண்ணாந்து பார்த்தாள். காய்ந்தது காயாதது பார்க்காமல் துணிகளை அள்ளிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

தெருவிளக்கின் வெளிச்சம் அந்த மாடிக்கு எட்டாது. அவன் குழாயைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து, முகத்தை நிமிர்த்தினான்.

ஒரு பார்வைதான். அதற்குள் கால்கள் தரையை விட்டுவிட்டன என்று சத்தியமே செய்வான். வரிசை இல்லை. தொடக்கம் இல்லை, ஓரம் இல்லை. ஒன்றைப் பார்த்தால் அதன் பின்னால் நாலு, அந்த நாலுக்கும் பின்னால் பொடிப்பொடியாக ஒரு கூட்டம், அதற்கும் பின்னால் கண் எட்டாத ஏதோ ஒன்று. எந்தப் பக்கமும் ஒரு சுவர் வந்து ‘போதும்’ என்று சொல்லவில்லை. கொக்கியைக் கழற்றவும் கை வராமல், பெல்ட்டையே அவிழ்த்துக் குழாயில் தொங்கவிட்டுவிட்டு, நாலு காலில் தவழ்ந்து படி இறங்கினான்.

அன்று ராத்திரி ஜெபம் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தான். அதற்குப் பின்னால் ஒயரும் தூசியும் இருந்தன. வேறு யாரும் இல்லை. இத்தனை நாள் குடியிருந்தவர் சொல்லாமல் காலி செய்துவிட்டுப் போனதுபோல இருந்தது. ‘ஆண்டவரே’ என்றால் அந்தச் சொல் போர்டில் பட்டுத் தன் முகத்திலேயே விழுந்தது. முன்பு இருந்தது ஒரு பயம், இப்போது இரண்டு. அடுத்தடுத்த ராத்திரிகளில் மனைவி தூக்கத்தில் முனகினாலும் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்து என்ன செய்வது? கேட்பதற்கு ஆள் இல்லை. இருக்கிற ஒருவரோ பார்வைக்கே எட்டாத தூரத்தில். ஆலயத்து வேலையைத் தொடவே இல்லை. போதகர் போன் செய்தால் ‘பட்டி காயலீங்க’ என்றான். அத்தனை நாளில் கடலடி மண்கூடக் காய்ந்திருக்கும்.

ஒரு மாலை, மாமியாரும் மச்சினனும் வீட்டில் இருந்த நேரம், மனைவி அவனைக் கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை.

“என்னங்க, வலிக்குது. துணியில ரத்தம்.”

டாக்டர் போனில் இரண்டே வார்த்தை சொன்னார்: உடனே வாங்க. ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் வீட்டுத் தெருவைக் குழாய் பதிக்க வெட்டிப் போட்டிருந்தார்கள். பின்னால் இருந்த பெரிய மைதானத்துக்கு அந்தப் புறம்தான் வண்டி நிற்க முடியும். மைதானத்தில் விளக்குக் கிடையாது. எந்த அவசரத்துக்கும் அவன் குறுக்கே போகாத இடம் அது. சுற்றுத்தெரு வழியாக, கடை முகப்புகளுக்கு அடியிலேயே போய்ப் பழகியவன். இன்றைக்குச் சுற்றிப் போகவும், ஸ்ட்ரெச்சர் வரட்டும் என்று காத்திருக்கவும் நேரம் இல்லை.

அலுமினிய ஏணியைப் படுக்க வைத்து அதன்மேல் மெத்தையைப் போட்டு, அவளைக் கிடத்தி, வேலைப் பெல்ட்டுகளால் கட்டினான். கால்மாட்டில் மச்சினன் முன்னே நடந்தான். தலைமாட்டை இவன் பிடித்தான். மாமியார் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, டார்ச் அடித்தபடி, உரக்க ஜெபித்துக்கொண்டே பின்னால் வந்தாள். அந்த அம்மாளின் குரலுக்கு மைதானத்து நாய்களே வழிவிட்டன.

அவன் தலையைக் கவிழ்த்தபடியே நடந்தான். கண்ணை அவள் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

“கொஞ்சம் நகருங்க” என்றாள் அவள், வலிக்கு நடுவில். “எத்தன மாசம் கழிச்சு வெளிய வந்திருக்கேன், உங்க மூஞ்சி மறைக்குது.”

“பேசாதம்மா. மூச்ச விடு.”

மைதானத்தின் நடுவில் மச்சினனின் கால் ஒரு குழிக்குள் போய் மடங்கியது. ஏணி சாய்ந்தது. அவள் ‘ஐயோ’ என்றாள். எப்படியோ தாங்கிப் பிடித்துத் தரையில் இறக்கினார்கள். மச்சினனால் காலை ஊன்ற முடியவில்லை.

“நான் போய் அந்த ஆம்புலன்ஸ் ஆளுங்களக் கூட்டிட்டு வரேன். மாப்பிள்ள, அவள விட்டு நகராதீங்க. டேய், நீ என் தோளப் பிடிச்சுட்டு நொண்டி வா, அங்க வண்டியில உக்காரலாம்.” மாமியார் மகனை இழுத்துக்கொண்டு போனாள். டார்ச் வெளிச்சமும் அவர்களோடு போய்விட்டது.

இருட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவன் முட்டிபோட்டு, ஏணிச் சட்டத்தைப் பிடித்தபடி, தரைப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். முதுகின்மேல் அது இருப்பது தெரிந்தது. பார்க்காமலேயே அதன் கனம் தெரிந்தது.

“என்னங்க” என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. “எனக்கு பயமா இருக்கு.”

எரிமலைக்கே பயப்படாதவள் அவள்.

“கிளாஸ்ல சொல்லும்போது இதெல்லாம் எண்ணிக்கை, தூரம், அவ்வளவுதான். இப்பிடி மல்லாந்து, இந்த வயித்தோட பாத்தா, அப்படியே என்ன உறிஞ்சி எடுத்துட்டுப் போயிடும் போல இருக்கு. தனியாப் பாக்க முடியலங்க. பக்கத்துல படுங்களேன். சேந்து பாப்போம்.”

அவளிடம் பனி என்று இனிமேல் சொல்ல முடியாது. ஏணிக்குப் பக்கத்தில் புல்லில் படுத்தான். ஒரு கையால் ஏணிப் படியையும் மறு கையால் அவள் கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தான்.

அதே கிணறு. சிறு வயதில் ஒரு பாயாவது இருந்தது, மாடியில் குழாயும் பெல்ட்டும் இருந்தன. இன்றைக்குப் பிடித்திருந்த ஏணியே தரையில் சும்மா கிடந்தது. விழப்போகிறோம் என்று உடம்பு முழுக்கக் கத்தியது. அந்த நிலையிலும் இருபது வருஷத்துத் தொழில் புத்தி அவனைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டது. ராடு எங்கே? சேனல் எங்கே? எந்தச் சுவரில் அடித்திருக்கிறார்? கண் இங்கிருந்து அங்கே ஓடியது, அங்கிருந்து இன்னும் அப்பால் ஓடியது. சுவர் இல்லை. மேலே கான்கிரீட் இல்லை. எதிலிருந்தும் எதுவும் தொங்கவில்லை. ஒரு போர்டின் கனம் அவன் தோளுக்குத் தெரியும். ஒரு ராடு விட்டுப்போனால் சீக்கிரமே அந்த மூலை தொய்ந்துவிடும் என்பதும் தெரியும். இது அவன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே, ஒரு கம்பியும் இல்லாமல், ஒரு மூலையும் தொய்யாமல் இருக்கிறது.

இதை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ஆறுதலாக அது வரவில்லை. இருட்டு அறைக்குள் தனியாக இருக்கிறோம் என்று நினைத்திருக்கும்போது, பக்கத்திலேயே ஒருவர் வெகுநேரமாக நின்றுகொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? பிடரி மயிர் குத்திட்டது. தூரத்தில் இருக்கிறவர் என்று அல்லவா இத்தனை நாள் பயந்தான்! மேலே பிடித்திருக்கிற கைதான் கீழேயும் பிடித்திருந்தது. இந்த மைதானமும் அந்தரத்தில்தான் தொங்குகிறது. ஏணி, மெத்தை, அவள், அவளுக்குள் இருக்கிற அந்த ஒரு சாண், எல்லாம் அதே கையில். ஒளிந்துகொள்ள ஒரு சந்தும் இல்லை. குடைக்கு அடியில் அவன் ஓடிய ஓட்டமெல்லாம் இவர் பார்க்கத்தான் ஓடியிருக்கிறான். இந்தக் கை மூடினால்? திறந்தால்? வழக்கமாகக் கேட்கிற வார்த்தைகள் இத்தனை பெரியவர் முன்னால் நிற்கவே பயந்தன. ‘ஆண்டவரே’ என்று மட்டும் வந்தது. பிறகு, திக்கித் திக்கி, ‘பிடிச்சிருக்கீங்க, விட்டுடாதீங்க.’

“விழறோமா?” என்று அவள் கேட்டாள்.

“இல்ல.”

“எப்பிடித் தெரியும்?”

“இன்னும் விழலையே.”

அவள் சிரிக்கப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடக்கினாள். அவன் கையை விடவில்லை. இருவரும் நடுங்கிக்கொண்டே மேலே பார்த்துக் கிடந்தார்கள். டார்ச் வெளிச்சங்கள் ஆடி ஆடி வந்தன.

“அடக் கடவுளே!” என்றது மாமியாரின் குரல். “மாப்பிள்ள, நோயாளி அவளா, நீங்களா?”

தையல் இழுபட்டிருந்தது, ஆனால் பிரியவில்லை. டாக்டர் அவளை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார். ‘இனி ஒவ்வொரு நாளும் லாபம்தான்’ என்று சொன்னாரே ஒழிய, வேறு வாக்குக் கொடுக்கவில்லை.

வார்டுக்கு வெளியே இருந்த வராந்தாவில் சதுரம் சதுரமாக மலிவுக் கூரை. ஒரு போர்டு தண்ணீர் ஊறித் தொய்ந்திருந்தது. அதைப் பார்த்து ஜெபிக்க உட்கார்ந்தவன் எழுந்துவிட்டான். அங்கே யாரும் இல்லை என்று இப்போது அவனுக்குத் தெரியும். வாசல் முகப்புவரை போனான். ஒரு கால் கூரைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. குடை வீட்டில் கிடந்தது. பேச வேண்டியவர் வெளியே இருந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து நின்று பேசினான். அதன் பிறகு ஒவ்வொரு ராத்திரியும் அங்கே அந்தத் தூண்தான். வாட்ச்மேன் முதலில் சந்தேகப்பட்டார், பிறகு தன் மகளுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்.

குழந்தை அவசரப்பட்டுத்தான் பிறந்தாள். தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து மூடிவிடலாம், அத்தனை சின்னது என்பாள் மாமியார். இன்குபேட்டர் என்ற கண்ணாடிப் பெட்டிக்குள், குழாய்களுக்கு நடுவில், குழந்தை மூச்சு விடுவதற்கே கஷ்டப்பட்டுக்கொண்டு கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். தன் ஜெபத்தால் என்று அவன் ஒருபோதும் சொல்லமாட்டான். முதல் இரண்டு தடவையும் கேட்டவன்தானே அவன்? அந்த இரண்டும் அதே கையில்தான் இருக்கின்றன என்று மட்டும் ஒருமுறை மனைவியிடம் சொன்னான். அவள் வெகுநேரம் அழுதாள். அவனுக்கும் அதைச் சொல்லிவிட்டு நடுக்கமாகத்தான் இருந்தது.

அந்த நாட்களிலேயே ஆலயத்து வேலையையும் முடித்தான். எல்லா விளக்கையும் பிடுங்கி, துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, மறுபடி நீலம் அடித்தான். மாடிக்குப் போய் பெல்ட்டை மாட்டிக்கொண்டு பார்ப்பான், மறுநாள் கண்ணில் நின்றதை வைப்பான். கை கேட்காது, தானாக நேர்கோட்டுக்குப் போகும். கடைசியில் நூல்கண்டை மச்சினனிடம் கொடுத்துத் தன் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டான். அவன் ஒளித்த இடம் அவனுக்கே மறந்துபோய், புதுசு வாங்க வேண்டியதாயிற்று. ஒயர் மாற்றக் கழற்றியிருந்த கடைசி போர்டைத் திரும்ப ஏற்றும்போது, பழக்கத்தில் தலை அந்தச் சந்தை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டு, போர்டை அடைத்து, ஸ்க்ரூவை முறுக்கினான்.

பிரதிஷ்டை அன்று விளக்கு எரிந்ததும் மாமியார் அண்ணாந்தாள். வாய் திறந்தது, சொல் வரவில்லை. அந்த அம்மாளின் வாழ்க்கையில் அது முதல் தடவை. பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டிய இடத்தையும் தவறவிட்டாள். பாடகர் குழு ஆளுக்கு ஒரு சுருதியில் கிளம்பியது. போதகர் இந்த முறை நிஜமாகவே ஜெபத்தில் இருந்தார். அவன் மட்டும் கூரையைப் பார்க்கவில்லை. திறந்திருந்த வாசல் வழியாக வெளியே இருந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இது அட்டை, இது ராடு, கணக்குத் தெரிந்த வேலை. அங்கே இருப்பது வேறு.

இப்போதும் அவனுக்குப் பயம் விடவில்லை. குடைதான் விட்டுப்போயிற்று. மகள் நடக்கத் தொடங்கி, ஓடத் தொடங்கி, சாப்பாடு ஆனதும் மாடிக்குப் போக வேண்டும் என்று தினமும் அடம்பிடிக்கிறவளாக வளர்ந்துவிட்டாள். அவள் தரையில் மல்லாந்து கையைக் காலை விரித்துப் போட்டுக்கொள்வாள். அவன் பெல்ட்டைக் குழாயில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் படுப்பான். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் கணுக்காலைப் பிடித்துக்கொள்வான்.

“அப்பா, உங்க கை ஏன் நடுங்குது?”

“குளிருது.”

“பொய். குளிரவே இல்ல.”

“சரி, பயமா இருக்கு.”

“எதுக்கு?”

“ரொம்பப் பெரிசா இருக்குல்ல? இதையெல்லாம் பிடிச்சிருக்கறவரு.”

அவள் மேலே பார்த்தாள். பிறகு இன்னொரு காலையும் அவன் பக்கம் நீட்டினாள்.

“இதையும் பிடிச்சுக்கோங்க.”